கார்பன் ஃபைபர் போனட்டில் மஞ்சளும் மங்கலும்: பஃப் அடித்தால் போகுமா?

கேள்வி, 9 மார்ச் 2024

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹேட்ச்பேக். பழைய ஓனர் கார்பன் ஃபைபர் போனட் போட்டிருக்கிறார். மூக்குப் பக்கம் மஞ்சள் ஏறியிருக்கிறது, நடுவில் பனி படிந்த மாதிரி மங்கல், ஹூட் பின்னை (போனட்டைப் பூட்டும் ஊசி) சுற்றி வெள்ளைத் திட்டு. பட்டறையில் "காம்பவுண்ட் போட்டு பஃப் அடிச்சா பளபளன்னு வந்துடும், கார்பன் இரும்பை விட கெட்டி" என்கிறார்கள். கார்பனுக்கென்று தனி பாலிஷ் இருக்கிறதா? ஊர் கோவை.

9 மார்ச் 2024, இரவு

கெட்டிதான். ஆனால் பஃப் அந்தக் கெட்டியின் மேல் படவே போவதில்லை. கார்பன் இழை என்பது துணி. அதை எபாக்சி ரெசினில், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினில், ஊற விட்டு, இறுகிய பிறகு மேலே கிளியர் (நிறமில்லாத மேல் பூச்சு) அடித்திருப்பார்கள். நீங்கள் பார்க்கும் பளபளப்பு முழுக்க அந்த மேல் படலத்துடையது. கண்ணாடி போட்ட படத்தைத் துடைத்தால் துடைபடுவது கண்ணாடிதானே, அதே கதை. ஆகவே தனி பாலிஷ் எதுவும் தேவையில்லை. பெயிண்டுக்குப் போடும் அதே காம்பவுண்டும் (கரடான தேய்ப்புப் பசை) பாலிஷும் போதும். வாங்குவதற்கு முன் தெரிய வேண்டியது ஒன்றுதான்: துணிக்கு மேல் இன்னும் எவ்வளவு படலம் பாக்கி இருக்கிறது?

நாளைக் காலை வெயில் ஏறும் முன் போனட்டைக் கழுவிவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் கோளாறு மேற்பரப்பில்தான். நுண்கீறலும் வெயிலில் செத்த கிளியரும். அது பாலிஷில் போகும். தண்ணீருக்கு அடியிலும் வெள்ளை அப்படியே தெரிந்தால் கிளியர் அடியிலிருந்து பிரிந்திருக்கிறது, உள்ளே காற்றோ ஈரமோ இருக்கிறது. அதை எந்த பஃப்பும் ஒன்றும் செய்யாது.

10 மார்ச் 2024

இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. அது நிஜ கார்பன்தானா என்று பார்த்துவிடுங்கள். சந்தையில் மூன்று சாதி உண்டு. முழுக்க கார்பன் துணி அடுக்கியது. அடியில் கண்ணாடி இழை, மேலே பார்வைக்கு ஒரே ஒரு அடுக்கு கார்பன். பிளாஸ்டிக் மேல் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்த வெறும் பிரிண்ட். இரவில் மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி நடங்கள். நிஜ ட்வில் நெசவில் (சாய்கோடாகத் தெரியும் நெசவு), நீங்கள் நகர நகர, வெளிச்சமாக இருந்த கட்டம் இருட்டாகும், இருட்டாக இருந்தது வெளிச்சமாகும். இழை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஒளியைத் திருப்புவதால் வருவது அது. பிரிண்ட் எங்கே நின்று பார்த்தாலும் ஒரே முகம் காட்டும்.

பிரிண்ட் என்றால் வாட்டர் பேப்பரை (தண்ணீரோடு தேய்க்கும் உப்புத்தாள்) தொடவே வேண்டாம். கிளியரைத் தாண்டினால் டிசைனே கையோடு வந்துவிடும்.

12 மார்ச் 2024

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: மங்கல் தண்ணீரில் மறைகிறது, மஞ்சள் மறையவில்லை, வெள்ளைத் திட்டும் மறையவில்லை. டார்ச்சில் கட்டம் மாறுகிறது. நல்லது. ஒரே போனட்டில் மூன்று நோய், மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். லேசானதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மங்கலுக்கு: நன்றாகக் கழுவி, களிமண் கட்டி (கிளே பார் என்று கார் கடையில் கிடைப்பது) போட்டு ஒட்டியிருக்கும் தூசை எடுத்துவிட்டு, டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (பேட் சுழன்றபடியே ஆடவும் செய்யும்) மென்மையான ஃபோம் பேடும் ஃபைன் பாலிஷும் போட்டு ஒரு சாண் இடத்தில் மட்டும் செய்து பாருங்கள். அதிலேயே தெளிந்தால் மேலே போகாதீர்கள். தெளியவில்லை என்றால்தான் காம்பவுண்ட். அதற்கும் அடங்காத கீறலுக்கு மட்டும் 2000 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 3000. நம்பர் ஏற ஏற பேப்பர் மென்மை. நம்ம ஊர்ப் பட்டறையில் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். எடுத்ததும் 1000 நம்பர் பேப்பர், அப்புறம் கம்பளி பேட் மாட்டிய ரோட்டரி, அதாவது ஆடாமல் ஒரே சுழற்சியாகச் சுற்றும் மெஷின். இரும்பு போனட்டில் கெட்டுப்போனால் திரும்ப பெயிண்ட் அடித்து மூடிவிடலாம், அந்தத் தைரியம்.

15 மார்ச் 2024

என்னிடம் இருக்கும் போனட்டைப் பற்றிச் சொல்கிறேன், இங்கே பாதிப் பேச்சு அதிலிருந்து வருவதுதான். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓடிய ஒரு காரிலிருந்து கழற்றியது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரிடமோ கொடுத்து பஃப் அடித்திருந்தார். தூரத்தில் நின்று பார்த்தால் அபாரம். மூக்கு வளைவுக்குக் கிட்டே போனால், நெசவின் மேடுகளில் ஊசி முனை அளவுக்குக் கரும்புள்ளிகள், வரிசை வரிசையாக. நெசவு தட்டையானதல்ல. ஒரு கற்றை இன்னொன்றின் மேல் ஏறி இறங்கும் இடமெல்லாம் சின்ன மேடு. பேப்பர் முதலில் கடிப்பது அந்த மேட்டைத்தான். சாதாரண கார்பன் துணியில் ஒரு கற்றைக்கு 3000 இழை. ஒவ்வொன்றும் 5 முதல் 7 மைக்ரான் தடிமன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகளில் இழை அறுபட்டு வெளியே நின்றது. விரல் நகத்தை ஓட்டினால் லேசாகச் சொரசொரத்தது.

நான் எடுத்தது கைவேலைதான். வாளியில் தண்ணீர், ரெண்டு சொட்டு ஷாம்பூ, மென்மையான ரப்பர் பிளாக்கில் சுற்றிய வாட்டர் பேப்பர். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும், அதனால் பிளாக். ஓரங்களுக்கும் மடிப்புக் கோடுகளுக்கும் மாஸ்கிங் டேப், ஏனென்றால் கிளியர் அங்கேதான் மெல்லிசாக நிற்கும். நாலு இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி, வழியும் நீரைப் பார்ப்பேன். பால் மாதிரி வெள்ளையாக வந்தால் கிளியர் தேய்கிறது, சரி. சாம்பல் தட்டினால் கையை எடுத்துவிட வேண்டும். கறுப்பு வந்தால் துணியைத் தொட்டாச்சு. இந்த வேலையில் இதை விட நம்பகமான மீட்டர் எனக்குத் தெரியாது.

16 மார்ச் 2024

மீட்டர் என்றதும் ஒருத்தர் பிடித்துக்கொண்டார்: "காருக்கு பாலிஷ் போடும் டீடெய்லிங் கடையில் பெயிண்ட் கேஜ் வைத்துத் தடிமனை அளந்து கொடுக்கிறார்களே?"

அந்த கேஜ் இரும்பில் காந்தத்தாலும் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தாலும் அளக்கிறது. அடியில் கார்பனும் ரெசினும் இருந்தால் அது ஒன்றும் காட்டாது, காட்டினாலும் நம்ப முடியாது. இதற்கு வேண்டியது அல்ட்ராசோனிக் கேஜ், ஜெல் தடவி ஒலி அனுப்பி அளப்பது. விலை அதிகம், சாதாரணக் கடையில் இருக்காது. இருக்கிறது என்று சொன்னால் ஜெல் எங்கே என்று கேளுங்கள், தெரிந்துவிடும்.

கார் கம்பெனி அடிக்கும் கிளியர் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவில் இருக்கும். வெளியே செய்யும் போனட்டில் எதுவும் சொல்ல முடியாது. ஒரு மூலையில் கொட்டி வைத்திருப்பார்கள், இன்னொரு மூலையில் மூச்சு விட்ட மாதிரி அடித்திருப்பார்கள்.

16 மார்ச் 2024, பின்னிரவு

முகமூடி பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். காய்ந்த பேப்பரால் கார்பனைத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. தோலில் பட்டால் அரிப்பு, முழங்கை மடிப்பில் போய் உட்கார்ந்துகொண்டால் இரவெல்லாம் சொறிய வேண்டியதுதான். போதாக்குறைக்கு அது மின்சாரம் கடத்தும் தூசு. பக்கத்தில் சார்ஜர், லேப்டாப், ஸ்விட்ச் போர்டு எதுவும் வேண்டாம். ஈரமாகத் தேய்த்த குழம்பும் தரையில் காய்ந்தால் தூசுதான், அப்போதே கழுவிவிடுங்கள். துடைத்த துணியை வீட்டு வாஷிங் மெஷினில் போடாதீர்கள். எங்கள் வீட்டில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

21 மார்ச் 2024

மஞ்சளுக்கு வருவோம். கார்பன் மஞ்சளாகாது. மஞ்சளாவது எபாக்சி. வெயிலின் புற ஊதாக் கதிர் எபாக்சியின் கட்டமைப்பை உடைக்கிறது. முதலில் மஞ்சள், பிறகு பொடியாக உதிரும். நல்ல கிளியரில் அந்தக் கதிரை உறிஞ்சும் சேர்க்கை இருக்கும், அதனால்தான் எபாக்சிக்கு மேல் கிளியர் போடுகிறார்கள். அந்தச் சேர்க்கை கிளியரின் தடிமன் முழுக்கப் பரவியிருப்பது. அதனால் பாலிஷ் போட்டுப் போட்டுக் கிளியரை மெல்லிசாக்குகிறவர் பளபளப்பை வாங்கிக்கொண்டு குடையைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

மூக்கில் மஞ்சள் முதலில் வந்ததற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். கல்லடியும் தேய்ப்பும் அங்கேதான் அதிகம், கிளியர் அங்கேதான் முதலில் போயிருக்கும்.

நல்ல செய்தி, கதிர் ரொம்ப ஆழம் போகாது. மேல் தோலில்தான் மஞ்சள். பழைய கிளியரை முழுசாக எடுத்து, மஞ்சள் ரெசினை மேலாகச் சீவினாற்போல் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும். கொஞ்சம் தங்கினாலும் கறுப்புத் துணிக்கு மேல் கண்ணுக்குப் படாது. முழுசாகப் போகும்வரை விடமாட்டேன் என்று அடம்பிடிப்பவர்கள்தான் துணியைத் தொடுகிறார்கள்.

22 மார்ச் 2024

"துணியைத் தொட்டாச்சு, இப்போ என்ன?" ஈரோட்டு நண்பர். இதற்கு முன்பே கேட்டிருக்கலாம் நீங்கள்.

நேராகக் கிளியர் அடிக்காதீர்கள். அறுபட்ட இழையும் நெசவின் சந்தில் இருக்கும் ஊசித் துளைகளும் கிளியரைக் குடித்துவிடும். காய்ந்ததும் அதே புள்ளிகள் திரும்பத் தெரியும். முதலில் தெளிவான எபாக்சியை மெல்லிசாக இழுத்து விடுங்கள். கையுறை போட்ட விரலால் துளைகளுக்குள் தேய்த்து இறக்குங்கள். இறுகிய பிறகு அதன் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு வரலாம், எபாக்சியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் உள்ள அமீன் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வருவது. அதைச் சோப்புத் தண்ணீரும் பச்சை ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கைப் பேப்பரால் உள்ளே தேய்த்ததாகிவிடும், மேலே அடிக்கும் கிளியர் பிடிக்காது. கழுவிய பிறகு 400 நம்பர், பிறகு 600, அப்புறம் கிளியர்.

அப்படியே இன்னொன்று. டேஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் சிலிகான் ஸ்ப்ரே நீங்கள் வேலை செய்யும் இடத்துப் பக்கமே வரக் கூடாது. ஒரு துளி சிலிகான் இருந்தாலும் கிளியர் அந்த இடத்தை விட்டு விலகி மீன் கண் மாதிரி குழி விழும்.

23 மார்ச் 2024

கிளியர் பற்றி மூன்று பேர் கேட்டாச்சு, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சாதாரண ஸ்ப்ரே கேன் கிளியர் ஒற்றைக் கலவை. காய்வது கரைப்பான் ஆவியாவதால் மட்டும். பெட்ரோல் சொட்டினால் இளகும், ரெண்டு வெயிலுக்கு மங்கும். போனட்டுக்கு வேண்டியது ஹார்டனர் கலக்கும் டூ-கே கிளியர். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒரு முறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுப்பு. பல பட்டறைகளில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். என்95 போட்டவரும் அங்கே கைக்குட்டை கட்டியவர்தான், அது ஆவியை நிறுத்தாது. பெயிண்ட் அடிப்பதற்கென்றே மூடிக் கட்டிய முறையான பூத்தில் வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி இருக்கும். டூ-கே இப்போது கேனிலும் கிடைக்கிறது. அடியில் பொத்தானை அழுத்தினால் ஹார்டனர் உள்ளே கலக்கும், கலந்தால் ரெண்டு நாளில் முடித்துவிட வேண்டும். கேன் சின்னது என்பதால் விஷம் சின்னதாகிவிடாது. தேய்ப்பது வரை வீட்டில் செய்துகொள்ளுங்கள், அடிக்கிற வேலையைப் பூத் இருக்கிறவரிடம் விடுங்கள்.

என் போனட்டை அப்படித்தான் கொண்டுபோனேன். பெயிண்டர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்குப் பேசாம பிளாக் அடிச்சிரலாமே, பாதிக் காசுல முடியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. துணியில் ஆழமாகச் சேதமான போனட்டுக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

30 மார்ச் 2024

நடுவில் கொஞ்சம் அரட்டை. "ரேஸ் கார்களில் கார்பனை அப்படியே விட்டிருக்கிறார்களே, மங்கலாகத்தானே இருக்கிறது" என்று கேட்டவருக்கு: அவர்களுக்குப் பளபளப்பு என்றால் எடை. 1981இல் மெக்லாரன் எம்பி4/1 முழுக் கார்பன் சேஸியோடு ஃபார்முலா ஒன்றுக்கு வந்ததே எடைக்கும் உறுதிக்கும்தான். 2022இல் குறைந்தபட்ச எடை 798 கிலோ என்று வைத்தும் அதைத் தொடவே பல அணிகள் திணறின. பெயிண்டைச் சுரண்டிக் கறுப்பாகவே ஓட்டினார்கள். நாம் பைசா கொடுத்துக் கிளியர் ஏற்றுகிறோம், அவர்கள் கோடி கொடுத்து இறக்குகிறார்கள்.

இதற்கு எதிர்த் துருவமும் உண்டு. ஸ்வீடனின் கோனிக்செக் கம்பெனி, மேலே இருக்கும் மெல்லிய எபாக்சியைக் கையாலேயே தேய்த்து எடுத்து, வெறும் கார்பனைப் பளபளக்க விடும் ஒரு ஃபினிஷ் கொடுக்கிறது. அதாவது நான் மேலே எதைச் செய்யாதீர்கள் என்று கத்தினேனோ அதை வேண்டுமென்றே, பொறுமையாக, பெரிய விலைக்கு. அங்கே ரெசின் வெற்றிடத்திலும் அழுத்தத்திலும் வைத்து இறுக வைத்தது, துளை இருக்காது. நம் போனட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

6 ஏப்ரல் 2024

வெள்ளைத் திட்டு. படம் அனுப்பியிருக்கிறார், இப்போதுதான் புரிகிறது. ஹூட் பின்னைச் சுற்றி மட்டும், பின்னுக்கு அடியில் அலுமினியத் தட்டு. கார்பன் மின்சாரம் கடத்தும் என்று தூசு விஷயத்தில் சொன்னேன் அல்லவா, அதே குணம் இங்கேயும் வேலை செய்கிறது. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் கொஞ்சம் உப்பும் இருந்தால் அதுவே ஒரு பேட்டரி. அரிபடுவது அலுமினியம். அந்த வெள்ளைப் பொடி கிளியருக்கு அடியில் ஊர்ந்து கிளியரைத் தூக்குகிறது. முதல் நாள் "காற்றோ ஈரமோ" என்று பொதுவாகச் சொன்னேன், உங்கள் போனட்டில் இது மூன்றாவது சங்கதி.

பின்னைக் கழற்றுங்கள். தூக்கிய கிளியரை நல்ல பகுதி வரும் வரை எடுங்கள். துளையின் வெட்டுமுகத்தில் துணி மூடாமல் வெறுமையாகத் தெரியும், அதை எபாக்சி தடவி மூடுங்கள். மாட்டும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், நடுவில் நைலான் வாஷர். கோவையில் இவ்வளவு என்றால் எங்கள் ஈசிஆர் பக்கம் கேட்கவே வேண்டாம். கடற்காற்றில் நிறுத்தும் கார்களில் இதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

18 மே 2024

கத்திரி வெயில் நடக்கிறது. பூத்திலிருந்து வந்தபோது என் போனட் ஏரித் தண்ணீர் மாதிரி தட்டையாக இருந்தது. இன்று மதியம் சாய்வாகக் குனிந்து ட்யூப் லைட்டின் பிரதிபலிப்பைப் பார்த்தால் கோடு லேசாக நெளிகிறது. நெசவின் தடம் மேலே எழுந்திருக்கிறது. பதற வேண்டியதில்லை, எதிர்பார்த்ததுதான். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். கறுப்பு போனட் மே மாத மதியத்தில் 70ஐத் தாண்டும். இளகி, இன்னும் கொஞ்சம் இறுகி, சுருங்குகிறது. கற்றைகளுக்கு நடுவில் ரெசின் அதிகம், அங்கே சுருக்கமும் அதிகம். அதனால்தான் நெசவு மேலே அச்சாகிறது.

ஆகவே மார்ச்சில் சொன்ன வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கிளியர் அடித்ததும் கடைசி பாலிஷுக்கு அவசரப்படாதீர்கள். ஒரு கோடை வெயில் குடிக்க விடுங்கள். அப்புறம் 2000, 3000, காம்பவுண்ட், பாலிஷ். அதற்காகவே பெயிண்டரிடம் ஒரு கோட் கூடுதலாகக் கேட்டு வாங்குவது நல்லது.

ரோட்டரி மெஷின் வேண்டாம் என்பதற்கும் இதே சூடுதான் காரணம். இரும்புத் தகடு சூட்டைச் சுற்றிப் பரப்பிவிடும். ரெசின் பிடித்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும். பேடை ஓரிடத்தில் நிறுத்தினால் கிளியர் எரிந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கையை வைத்துப் பாருங்கள், இளஞ்சூட்டைத் தாண்டினால் நிறுத்துங்கள்.

19 மே 2024

"ஓவனில் வைத்தால் கோடை வரை காத்திருக்க வேண்டாமே?" வைக்கலாம், முறையாகச் செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், மெதுமெதுவாகச் சூட்டை ஏற்றி. ஆனால் அது கிளியருக்கு முன்னால். ஹீட் கன் பிடித்துச் செய்யலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம் தம்பி.

13 ஜூலை 2024

கோவை நண்பர் முடித்துவிட்டார். மூக்கில் மஞ்சள் போய்விட்டது, நடுவில் லேசான தேய்ப்பு மட்டும், ஹூட் பின்னைச் சுற்றிய இடம் திருத்தியாச்சு, முழு போனட்டுக்கும் புதுக் கிளியர். படத்தில் இடது ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், அதாவது ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி மேடுபள்ளம், தெரிகிறது. அதை இப்போது தொடாதீர்கள், அடுத்த மே முடியட்டும்.

செராமிக் கோட்டிங் போடலாமா என்று கேட்டிருக்கிறார். போடுங்கள், கழுவ எளிதாக இருக்கும். ஆனால் அது மைக்ரான் கணக்கில் ஒன்றோ இரண்டோ, கல்லடிக்கும் நிற்காது, வெயிலுக்கும் குடை பிடிக்காது. காசு இருந்தால் மூக்குப் பகுதிக்கு மட்டும் பிபிஎஃப் (பெயிண்டைக் காக்க ஒட்டும் தெளிவான பிளாஸ்டிக் ஃபிலிம்) ஒட்டிக்கொள்ளுங்கள். எதுவானாலும் புது டூ-கே கிளியரின் கரைப்பான் முழுசாக வெளியேற ஒரு மாதமாவது விட்ட பிறகு.